இலை ஓரத்து உப்பு

திருவிழாத் தேருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் நாக்கு செத்துப்போனது. மூக்கும் கூடவே போனது.

ஓட்டல் சமையலில் கை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கிண்டுவதற்கும் கொட்டுவதற்கும் யார் கையும் போதும். மூக்கும் நாக்கும்தான் மாஸ்டர். மற்றதெல்லாம் கூலி ஆள்.

எழுபதுகளின் பிற்பாதி. பெரம்பலூரில் ஒரு டிபன் கடையில் ஐந்து வருஷம் வெந்துவிட்டு, அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சைவ ஓட்டலுக்குச் சரக்கு மாஸ்டராக வந்திருந்தேன். சாம்பார், ரசம், கூட்டு, பாயசம் என்று மதியச் சாப்பாடு முழுக்க என் தலையில். பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குத் திருவிழா. அந்தப் பத்து நாளும் அரியலூரில் நிற்க இடம் இருக்காது. திருவிழாக் காலத்தில் ஓட்டலில் சாப்பிட்டு அவதிப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒருத்தன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவன் எப்போது எழுந்திருப்பான் என்று முதுகை முறைத்து, இடம் பிடித்து உட்கார்ந்தால், சாம்பார் வாயில் வைக்க முடியாது. திட்டியிருப்பீர்கள். நன்றாகத் திட்டுங்கள். சமைத்தவன் பட்ட பாட்டையும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

கம்பவுண்டர் வைத்தியம்

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் எழுந்து அடுப்படிக்கு வந்தேன். பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்தேன். வாசம் இல்லை. காயம் பழசு என்று நினைத்து வேறு கட்டி எடுத்துப் போட்டேன். அதுவும் இல்லை. கொத்துமல்லிக் கட்டில் முகத்தைப் புதைத்தேன். ஈரம் தெரிந்தது, அவ்வளவுதான். கல் உப்பை எடுத்து வாயில் போட்டேன். கூழாங்கல் மாதிரி உருண்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு கம்பவுண்டர். டாக்டர் இல்லாத நேரத்தில் அவர்தான் டாக்டர். மூன்று வேளையும் எங்கள் ஓட்டலில்தான் சாப்பிடுவார். நாக்கை நீட்டச் சொன்னார், டார்ச் அடித்துப் பார்த்தார், சத்து மாத்திரை கொடுத்தார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். பத்து நாளிலும் வரும், பத்து மாசத்திலும் வரும், சிலருக்கு வராமலும் போகும் என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். சொல்லமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கையை விடாமலே கேட்டார்:

"அதுவரைக்கும் நான் வேற எங்கயாச்சும் சாப்பிட்டுக்கட்டுமா மாஸ்டர்?"

யாரிடம் சொல்வது

சொன்னால் வேலை போகும். நாக்கு செத்த மாஸ்டரை அரியலூரிலும் பெரம்பலூரிலும் எவனும் அடுப்புப் பக்கம் விடமாட்டான். வேலை போனால் வீடும் போகும். ஓட்டலுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை முதலாளி கொடுத்தது. என் சம்சாரம் ஏழு மாசம். மீன்சுருட்டியில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கையில் பிள்ளையோடு திரும்பி வரும்போது நுழைய ஒரு வாசல் வேண்டாமா?

கையாளிடம் சொல்லலாம் என்றால், கையாள் முதலாளியின் மச்சினன். என் கரண்டி மேல் அவனுக்கு ஒரு கண். யாரையாவது ருசி பார்க்கச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. முதலாளி பெருமாள் பக்தர். அடுப்படியில் ஒரு சாமி படம் உண்டு. திருவிழாப் பத்து நாளும் அந்தப் படத்துக்குப் படைக்காமல் ஒரு பருக்கை யார் வாயிலும் படக்கூடாது. ஆவியை மோந்து பார்த்துத்தான் உப்புப் புளி சொல்ல வேண்டும். படைத்த கையோடு பந்தி. நடுவில் மூச்சு விட நேரம் இருக்காது.

திருவிழா முதல் நாள் சாம்பார்ச் சட்டிமேல் குனிந்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். சுத்த நடிப்பு. மச்சினன் கரண்டியைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாஸ்டர், மோந்து பாக்குறீங்களா, மூக்க உறிஞ்சுறீங்களா?" என்றான்.

பாடாலூர் தம்பதி

சாப்பிடுகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று நான் அதுவரை காது கொடுத்தது கிடையாது. போட்டதைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்தவன். அன்று மதியம் முதல் தடவையாகப் போய் ஒட்டுக் கேட்டேன்.

பேமிலி ரூம் என்று ஒன்று உண்டு. நாலு நாற்காலி, ஒரு துணித் திரை. அதன் பின்சுவரில் அடுப்படி ஜன்னல். உள்ளே ஒரு விவசாயியும் அவர் மனைவியும். பாடாலூரிலிருந்து வந்தவர்கள். விளைந்ததில் ஒரு மூட்டை கம்பைப் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஓட்டல் சாப்பாடு அதுதான் முதல் தடவை. இரண்டாம் தரம் சோறு கேட்டால் வைவார்களா என்று புருஷனிடம் ரகசியமாகக் கேட்டாள். சாம்பார் வந்தது. பேச்சு நின்றது. தண்ணீர் டம்ளர் வைக்கும் சத்தம். மறுபடியும் டம்ளர் சத்தம்.

"உப்ப அள்ளிக் கொட்டியிருக்கான் பாரு" என்றார் அவர்.

"சும்மா இருங்க. சாமி பாக்க வந்த எடத்துல சோத்தக் கொற சொல்லக் கூடாது. மோர ஊத்திப் பெசஞ்சு சாப்பிடுங்க. சமைச்சவருக்கு என்ன கவலையோ."

லாரி டிரைவர்

அதுதான் சங்கடம். கல்யாண வீட்டில் உப்பு ஒரு கல் கூடினாலும் சமையல்காரனைக் கூப்பிட்டு நிறுத்துகிற ஜனம், திருவிழாவில் வாயே திறக்காது. குறை சொல்லாத கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் எப்படித் திருத்திக்கொள்வது?

அளவு வைத்துப் போட்டேன். இத்தனை படி பருப்புக்கு இத்தனை கரண்டி உப்பு. ஒரு நாள் சரியாக வந்தது என்று நினைக்கிறேன். மறுநாள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் முதலாளியே அடுப்படிக்கு வந்துவிடுவார். வாசலை எட்டிப் பார்ப்பார். பெருமாளைக் கும்பிடுவார். ஒரு குடம் வெந்நீரைத் தூக்கி ரசத்தில் கவிழ்ப்பார். "அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுவார். அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

திருவிழாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் அன்று சாப்பிட வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். ரசத்தைக் கையில் வாங்கி ஒரு வாய் உறிஞ்சினார். சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, கை கழுவ நான் இன்னும் எந்திரிக்கவே இல்லியேப்பா."

மாமனார்

மீன்சுருட்டியிலிருந்து மாமனார் வந்தார். பெருமாளையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளை சமையலையும் சாப்பிட்டுப் போகலாம் என்று. என் மானம் காற்றாடிக்கு நேராக இருந்த மேசையில் போய் உட்கார்ந்தது. நல்ல தலைவாழை இலையாகப் பார்த்துப் போடச் சொன்னேன். இரண்டு அப்பளம் வைக்கச் சொன்னேன். அப்பளம் நான் பொரிப்பது இல்லை, அதனால் தைரியமாகச் சொன்னேன்.

நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டு அப்பளமும் தீர்ந்தது. கை கழுவிவிட்டு வந்து என் முகத்தையே பார்த்தார். மகள் நன்றாக இருக்கிறாள், நடமாடுகிறாள், உன்னை ரொம்பக் கேட்டாள் என்றார். பையிலிருந்து அவள் கொடுத்துவிட்ட அதிரசத்தை எடுத்துக் கொடுத்தார். அதைக் கடித்தேன். மண்கட்டி. பிரமாதம் என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, தோளில் கை வைத்தார்.

"மாப்ள, புள்ள பொறந்து ஒரு ஆறு மாசம் அது எங்ககிட்டயே இருக்கட்டும். இந்தச் சாப்பாடு பச்ச ஒடம்புக்கு ஆவாது."

வளையல் பாய்

நாலாம் நாள் பாயசம் அடிப்பிடித்தது. பத்தடி தள்ளி நின்றவனுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. சட்டிக்கு முன்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. ஏலக்காயை இன்னும் நாலு தட்டிப் போட்டு, ஜம்மென்று இறக்கினேன்.

திருவிழாவுக்கு வளையல் கடை போட வரும் ஒரு பாய் தினமும் எங்களிடம் சாப்பிடுவார். கை முழுக்கக் கண்ணாடித் துணுக்கு கீறின கோடுகள். அன்று பாயசத்தை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். அடுப்படி வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார். மற்றவர்கள் முகம் சுளித்துக் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வழித்துக் குடித்தார். போகும்போது என்னிடம் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்:

"மாஷா அல்லா. எங்க வூட்டுல தம் போட்டுத் தொறந்தா இந்தப் பொகை வாசம்தான் வரும். புள்ளைங்க நெனப்பு வந்துருச்சு மாஸ்டர்."

பின்கட்டு

எங்கள் ஓட்டலில் இலை அள்ளுகிறவள் அஞ்சலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். சாப்பிட்ட இலைகளைச் சர்வர் கூடையில் போட்டுக் கொண்டுவந்து பின்கட்டில் கொட்டுவான். அவள் ஒவ்வொரு இலையாகப் பிரித்து, மிச்சத்தைக் கழுநீர்த் தொட்டியில் வழித்து, இலையை மாட்டுக்குத் தனியாக அடுக்குவாள். அடுப்படி வாசப்படியை அவள் தாண்டக்கூடாது. அவள் குடும்பம் தலைமுறையாகப் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். இன்னார் எங்கே நிற்க வேண்டும் என்று அப்போது எழுதி வைக்க வேண்டியது இல்லை. எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள் என்றார்கள். நான் வந்த ஒரு வருஷத்தில் அவளிடம் பத்து வார்த்தை பேசியிருப்பேனா? சந்தேகம்.

பாயசம் கெட்ட அன்று பின்கட்டில் போய்ப் பீடி பற்றவைத்தேன். அதிலும் ருசி இல்லை. தூக்கி எறிந்தேன். அஞ்சலை தலை நிமிராமல் இலையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"முந்தாநேத்து சாம்பாரு உப்பு. நேத்து பத்தல. இன்னிக்கு ரசம் பரவால்ல, கூட்டு உப்பு."

"தின்னு பார்த்தியா?"

"எனக்கு எங்கிருந்து? கடைசியா மிஞ்சுனா ஆறுன சோறு கொஞ்சம் ஊத்துவாங்க. எல சொல்லுதுல்ல."

ஓர் இலையை எடுத்து விரித்துக் காட்டினாள். எங்கள் ஓட்டலில் இலை போட்டதும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பது வழக்கம். பதார்த்தத்தில் உப்புப் பத்தவில்லை என்றால் அந்தச் சிட்டிகை காணாமல் போயிருக்கும். ருசி அளவாக இருந்தால் பாதி இருக்கும். கூடிப்போயிருந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும், பக்கத்தில் மோர் ஊற்றிப் பிசைந்த சோறு பெரிய கட்டியாகக் கிடக்கும். நான் இருபது வருஷமாக அடுப்பில் நிற்கிறவன். இலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அவள் அடுத்த இலையைப் பிரித்தாள்.

"காச்சலுக்கு அப்பறம் எங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் ஆச்சுங்க மாஸ்டர். மூணு மாசம் எது குடுத்தாலும் நல்லாருக்குன்னாரு. நான் பொழச்சேன்."

முதல் பந்தி

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு. முதல் பந்தி இலைகள் பின்கட்டுக்கு வந்ததும் அஞ்சலை நாலு இலை பார்ப்பாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினால் உப்புப் போட வேண்டும். கீழே கிடத்தினால் கூடிவிட்டது, பருப்புத் தண்ணீர் விட வேண்டும். கையிலேயே வைத்திருந்தால் சரியாக இருக்கிறது. நான் பின்கட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துத் திருத்துவேன். மச்சினனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் அடிக்கடி ஜன்னலுக்குப் போவதைப் பார்த்து வேறு என்னவோ நினைத்துக்கொண்டான்.

இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி எல்லாம் தப்பித்தார்கள். முதல் பந்திதான் பலி. அந்த நாலைந்து நாளில் எங்கள் ஓட்டல் முதல் பந்தியில் உட்கார்ந்த புண்ணியவான் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களை வைத்துத்தான் மற்றவர்களைக் கரையேற்றினேன்.

கம்பவுண்டர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். எப்போதும் பதினொன்றரைக்கே முதல் ஆளாக வந்து உட்காருகிறவர், வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது என்றேன்.

"முதல்ல அவங்க எல்லாம் சாப்பிடட்டும் மாஸ்டர். நோயாளிங்க வந்தா நான் ஒருத்தன்தானே இருக்கேன் இந்த ஊருக்கு."

தேருக்கு முதல் நாள்

தேர் அன்று ஒரே ஒரு பந்திதான் முக்கியம். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். ஒரு நாள் திருவிழாச் செலவை ஏற்கிற குடும்பம். தேர் நிலைக்கு வந்ததும் நேராக எங்கள் ஓட்டலுக்கு, கூடப் பத்துப் பன்னிரண்டு பேர். அவர் நன்றாக இருக்கிறது என்றால் ஊர் நன்றாக இருக்கிறது என்னும். அவர்களுக்கு முன்னால் யாருக்கும் இலை போடக்கூடாது. முதல் பந்தி அவர்கள்தான்.

மச்சினன் அதற்குள் ஊதிவிட்டான். அடுப்படியில் என்னை வைத்துக்கொண்டே சொன்னான்: "மாமா, இவருக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. பாயசம் தீஞ்சது தெரியாம நின்னவரு. நாளைக்கு நான் வச்சுடுறேன்." முதலாளி என்னைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். நான் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவர் சாமி படத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர். கோபப்படவில்லை.

"நாளைக்கும் நீயே வையி. பந்தி முடியட்டும். பெரியவர் மொகத்தப் பாத்துட்டு, நீ இருக்கியா போறியான்னு பேசிக்கலாம்."

ஒரு கரண்டி

தேர் அன்று காலையில் வெந்நீர்க் குடத்தை முதலில் ஒளித்து வைத்தேன். சாம்பார் கொதித்தது. ரசம் நுரை கட்டியது. மச்சினன் இலை நறுக்க முன்கட்டுக்குப் போயிருந்தான். முதலாளி வாசலில். இன்னும் படைக்கவில்லை.

கரண்டியில் சாம்பாரை மொண்டு பின்கட்டுக்குப் போனேன். அஞ்சலை பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"கையை நீட்டு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு அடி பின்னால் போனாள். "சாமிக்கு முன்னாடியா? நானா? வேணாங்க மாஸ்டர். யாராச்சும் பாத்தா என்னைய மட்டும் இல்ல, உங்களையும் சேத்து வெளிய தள்ளிருவாங்க."

"எப்படியும் தள்ளத்தான் போறாங்க. நீட்டு."

"பெருமாளு?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

துடைப்பத்தைக் கீழே போட்டாள். தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவினாள். ஒரு தரம் அல்ல, மூன்று தரம் கழுவினாள். முந்தானையில் துடைத்துவிட்டு உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். ஊற்றினேன். நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர். உப்பா, புளியா, என்ன கெட்டுப்போயிற்று என்று எனக்கு உயிர் போகிறது. சொல்லித் தொலையேன் என்று கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"இம்புட்டுச் சூடாவா இருக்கும் இந்தச் சாம்பாரு?"

பெரியவர்

ஆறு வருஷம். அவளுக்கு நாங்கள் சூடாக ஒரு கரண்டி ஊற்றியது இல்லை. அதை யோசிக்க அன்று எனக்கு நேரம் இல்லை. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

அதற்குள் அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். "உப்பு ஒரு கை போடுங்க. புளி போதும். கொஞ்சூண்டு வெல்லம் கிள்ளிப் போடுங்க." ரசத்துக்கு மிளகு பத்தாது என்றாள். கூட்டு சரி என்றாள். பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, "இதத் தொடாதீங்க" என்றாள். நாலு தரம் நடந்தேன். அவள் சொன்னதை எல்லாம் போட்டேன். பிறகு சாமி படத்துக்குப் படைத்துச் சூடம் காட்டினோம். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர் வந்தார். தேர் வடம் பிடித்த கை, இன்னும் சிவப்பு ஆறவில்லை. சாம்பார் இரண்டாம் தரம் கேட்டார். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். முதலாளி விசிறியோடு பக்கத்திலேயே நின்றார். மச்சினன் தூணோடு தூணாக நின்றான். நான் அடுப்படி வாசலில் இலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உப்புப் பாதி இருந்தது.

"மாஸ்டர் யாருப்பா? நாலு வூட்டு விருந்து சாப்பிட்டவன் சொல்றேன். சாமிக்கு முன்னாடியே யாரோ நாக்குல வச்சுப் பாத்து எறக்குன மாதிரி அளவா இருக்கு" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி விசிறியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அய்யய்யோ, அந்தப் பழக்கம் எல்லாம் நம்ம ஓட்டல்ல கெடயவே கெடயாதுங்க."

பிறகு

என் வேலை தப்பியது. அறையும் தப்பியது. வைகாசியில் பிள்ளை பிறந்தது, கார்த்திகையில் சம்சாரம் பிள்ளையோடு அதே அறைக்குத் திரும்பி வந்தாள். அதற்கு முன்னாலேயே நாக்கு ஆடியில் வந்தது. ஒரு நாள் காலையில் டீ கசந்தது. அழுதுவிட்டேன்.

நாக்கு வரும் வரை தினமும் ஒரு கரண்டி பின்கட்டுக்குப் போனது. வந்த பிறகும் போனது. அஞ்சலையை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். மச்சினன் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டான். உனக்கு வேறு வேலை இல்லையா என்றேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கரண்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோகத்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. அக்காவை உள்ளே கூப்பிட்டு, காற்றாடிக்கு நேராக உட்காரவைத்து, இலை போடத் துணிச்சல் வரவில்லை. அந்த ஓட்டலில் இருந்த வரைக்கும் வரவில்லை. ஒரு நாள் இதை அவளிடமே வாய் விட்டுச் சொன்னேன். அவள் இலையைப் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"உள்ள ஒக்காந்தா நான் சாப்பிடுவனா, உங்க சமையல நோட்டம் பாப்பனா மாஸ்டர்? எனக்கு ஒரு வேலதான் ஓடும்."

எனக்கு அரியலூரில் நல்ல பேர், இன்றைக்கும் பழைய ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தேர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், நானும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அன்று அந்த ஓட்டலுக்கு மாஸ்டர் அஞ்சலை.